மலைப்பாதைக் குதிரையும் தடுப்பூசியும்

பண்டாரவளைக்கு இரயில் வந்த ஆண்டு 1894. அது மலையிறங்கிப் பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. அதற்கு முன் ஊவாவின் மலைகளில் ஒருவன் விரைந்து செல்ல வேண்டுமானால் அவனுக்குக் குதிரை வேண்டும். கோப்பி மூட்டைகளை மாட்டு வண்டிகள் சுமந்தன. அரிசி மூட்டைகளை மனிதரும் மாடும் சுமந்தனர். தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கும் துரையையும், தோட்டந்தோறும் சென்று கணக்குப் பார்க்கும் பெரிய துரையையும் குதிரை சுமந்தது.

குதிரைமேல் துரை சென்றால் அதன் பக்கத்தில் ஒருவன் ஓடினான். அவனே குதிரைக்காரன். வங்காளத்து ஆங்கிலேயர் அவனைச் 'சைஸ்' என்றனர். சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் இருந்த ஆங்கிலேயரோ, நம்முடைய சொல்லுக்கு நேராக 'ஹோர்ஸ் கீப்பர்' என்றே வழங்கினர். புல்லறுத்து வருவதும், உடம்பு தேய்ப்பதும், கொள்ளு வேகவைப்பதும், குளம்பைப் பார்ப்பதும் அவன் வேலை. குதிரை இருமினால் முதலில் கேட்பவன் அவன். துரைக்கு அது மறுநாள் காலையில்தான் தெரியவரும்.

குதிரை நின்ற இடம் லாயம். உழைப்பாளிகளின் குடும்பங்கள் வாழ்ந்த இடம் லயம். முன்னது நாம் நெடுங்காலமாக வழங்கி வரும் சொல். பின்னது ஆங்கிலத்தின் 'லைன்' என்னும் சொல் தோட்டத்தில் பெற்ற உருவம். எழுத்தில் ஒரு கால் மட்டுமே வேறுபாடு. இவ்விரண்டுக்கும் இடையே நாள்தோறும் நடந்தவன் குதிரைக்காரன். குதிரைகளுக்கு வரும் இன்ஃபுளுவென்சா என்னும் சளிக்காய்ச்சலைப் பற்றியும், அதைத் தடுக்க மனிதர் கண்ட ஊசியைப் பற்றியும் பேச வந்த நான் இவனிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அக்காரணம் போகப் போக விளங்கும்.

தமிழ் நாட்டுக்குக் குதிரை கடல் கடந்து வந்த செல்வம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கப்பலில் வந்த குதிரைகளைச் சொல்கிறது. மணிவாசகர் வரலாற்றில் பாண்டியன் பெரும் பொருள் கொடுத்தனுப்பியதும் குதிரை வாங்கவே. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் அரபு நாடுகளிலிருந்து இறக்கப்பட்டதையும், அவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மடிந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். குதிரையைப் பேணும் முறை அறிந்தவர் அங்கு இல்லை என்பது அவர் கூறும் காரணம். குதிரை வைத்தியர் அந்நாட்டுக்குச் செல்லாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் சொல்கிறார். பழைய குதிரை மடிந்தால்தானே புதிய குதிரை விற்கும்? நோயைத் தடுப்பதில் ஒருவனுக்கு இலாபமும் ஒருவனுக்கு நட்டமும் உண்டு என்ற உண்மையை அன்றே அவர் கண்டார்.

நம் தீவின் வடக்கே நெடுந்தீவில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்தனர். அவற்றின் வழிவந்த குதிரைகள் இன்றும் அங்கே கட்டற்றுத் திரிகின்றன. மலைநாட்டுக்கு வந்த ஆங்கிலேயர் வேறு நாட்டுக் குதிரைகளையும் கொண்டுவந்தனர். நுவரெலியாவில் பந்தயத் திடல் அமைந்தது. துரைமார் குதிரைப்படை ஒன்றையும் அமைத்துக்கொண்டனர். 1900ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்தபோது அப்படையிலிருந்து ஒரு பிரிவு அங்குச் சென்றது. அதே ஆண்டில் போயர் கைதிகள் எதிர்த்திசையில் இங்கு வந்தனர். பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள தியத்தலாவையில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் முகாமில் அடைக்கப்பட்டனர். குதிரைமேலிருந்து போரிட்ட குடியானவர் அவர்கள். அந்த யுத்தத்தில் ஆங்கிலேயர் பக்கம் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டன. குண்டு பட்டு மாண்டவை சில. பட்டினியாலும் களைப்பாலும் நோயாலும் மாண்டவை பல.

ஓர் உயிரினத்தை மட்டும் தேடிவரும் கொள்ளைநோய் எத்தகையது என்பதை ஊவா மக்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தனர். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் மஞ்சட்பொடி படிந்திருக்கக் கண்டனர். அதுவே கோப்பித் துருநோய். இருபது ஆண்டுகளுக்குள் அது இலங்கையின் கோப்பித் தொழிலை அழித்தது. தேயிலை பெருகியது அதன் பிறகே. மடுல்சீமையில் இலை பழுத்து மூன்றாண்டு கழித்து, உலகின் மறுபுறத்தில் குதிரைகள் இருமத் தொடங்கின.

1872 செப்டம்பர் இறுதியில் கனடாவின் டொரன்டோ நகரை அடுத்த பகுதியில் அவ்விருமல் முதலில் கேட்டது. சில வாரங்களுள் அது நியூயார்க், பாஸ்டன் முதலிய நகரங்களை அடைந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையையும் எட்டிவிட்டது. நோயுற்ற குதிரைகளில் இறந்தவை நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. சில இடங்களில் அதற்கும் மேல். ஆயினும் நகரங்கள் நின்றுவிட்டன. டிராம் வண்டிகள் ஓடவில்லை. துறைமுகத்தில் சரக்கு தேங்கியது. மாடுகளையும் மனிதரையும் வண்டியில் பூட்டினர். அவ்வாண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு பாஸ்டன் நகரில் பெருந்தீ மூண்டபோது, தீயணைக்கும் இயந்திரங்களை இழுக்க நலமான குதிரைகள் போதாமையால் மனிதரே கயிறு பிடித்து இழுத்தனர். எழுநூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன.

இந்நோயின் இயல்பு இதிலே தெளிவாகிறது. இது பெரும்பாலும் கொல்லுவதில்லை. நோய்க்கிருமி உட்சென்ற ஒன்று முதல் மூன்று நாட்களுள் காய்ச்சல் ஏறும். வறட்டிருமல் தொடங்கும். மூக்கு ஒழுகும். குதிரை தீனி எடுக்காது. இருமலில் தெறிக்கும் துளிகள் பல கஜ தூரம் செல்லும். முன்பு இந்நோயைக் காணாத மந்தையில் ஒன்றுக்கு வந்தால் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வரும். காய்ச்சல் தணிந்த பிறகும் மூச்சுக்குழாயின் உட்பூச்சு ஆறுவதற்கு வாரங்கள் ஆகும். காய்ச்சல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு என்பது குதிரை வைத்தியர் வழக்கமாகக் கூறும் கணக்கு. அவ்வோய்வைக் கொடாமல் மலையேற்றினால் வேறு கிருமிகள் நுரையீரலில் புகுந்து சுரம் நெஞ்சைப் பிடிக்கும். கழுதைகளுக்கு இந்நோய் இன்னும் கடுமையானது.

செல்வரின் குதிரைக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுப்பது எளிது. நாள்தோறும் சுமை தூக்கினால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ளவன் தன் கோவேறு கழுதைக்கு எவ்வாறு மூன்று வாரம் ஓய்வு கொடுப்பான்? காய்ச்சல் விட்டுவைத்த விலங்கை வறுமை கொல்லும். ஆகவே ஏழையின் விலங்குக்கே ஊசி மிகவும் தேவைப்படுகிறது.

நோய் தெரிந்து எண்பது ஆண்டுகள் கழித்தே அதன் காரணம் கையில் அகப்பட்டது. மனிதருக்கு வரும் இன்ஃபுளுவென்சாவின் வைரஸை 1933இல் ஆங்கில விஞ்ஞானிகள் கண்டனர். குதிரையின் வைரஸ் 1956இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1963இல் அமெரிக்காவின் மயாமியில் மற்றோர் இனம் வெளிப்பட்டது. எச் 3 என் 8 எனக் குறிக்கப்படும் அவ்வினமே இன்று உலகெங்கும் குதிரைகளை வருத்துவது. பிராக் நகரில் கண்ட இனம் பல பத்தாண்டுகளாகத் தென்படவில்லை.

வைரஸ் கைக்கு வந்ததும் தடுப்பூசியும் வந்தது. கருவுற்ற கோழிமுட்டையில் வைரஸை வளர்த்து, மருந்தினால் அதைக் கொன்று, கொன்ற வைரஸையே ஊசியாக இட்டனர். உயிரற்ற பகைவனின் உருவத்தைக் காட்டி உடம்பின் காவலரைப் பழக்குவது போன்றது இது. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள், ஐந்தாறு மாதங்களில் மூன்றாவது, அதன்பின் ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒன்று என்பது பொதுவான முறை. இங்கிலாந்தில் 1981 முதல் பந்தயக் குதிரைகளுக்கு இவ்வூசி கட்டாயமாயிற்று.

நேயர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோயை ஊசியால் உலகிலிருந்தே ஒழித்துவிட்டார்களே, குதிரைக் காய்ச்சலை ஏன் ஒழிக்க முடியவில்லை? கேட்க வேண்டிய கேள்வியே. வெக்கை நோய்க்கு எதிராக இந்தியாவின் குமாவோன் மலைகளிலுள்ள முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் 1920களில் ஆட்டின் உடம்பில் பழக்கிய வைரஸைக் கொண்டு ஊசி செய்தார். பின்னர் கென்யாவில் பிளவ்ரைட் என்பவர் அதனினும் சிறந்த ஊசியைக் கண்டார். இலங்கையில் 1987இல் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் ஒழிந்தது. 2011இல் உலகமே அதனின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அவ்வைரஸ் வேடம் மாற்றத் தெரியாதது. அதற்கெதிரான ஒரே ஊசி ஒரு மாட்டின் வாழ்நாள் முழுவதும் காத்தது.

இன்ஃபுளுவென்சா அப்படியன்று. தன் புறத்தோற்றத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே செல்வது. நேற்றைய உருவத்தைக் காட்டிப் பழக்கிய காவலர் இன்றைய உருவத்தை அடையாளம் காணத் தடுமாறுவர். எனவே ஊசி மருந்தையும் காலத்துக்கேற்பப் புதுப்பிக்க வேண்டும். எவ்வினத்தை ஊசியில் சேர்ப்பது என்று ஆண்டுதோறும் ஆராய்ந்து சொல்வது பாரிஸ் நகரில் உள்ள உலக விலங்கு நல அமைப்பின் நிபுணர் குழு. அவ்வமைப்பு தோன்றியதும் நம் நிலப்பரப்போடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியால்தான். 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய மாடுகள் பெல்ஜியத்தின் துறைமுகத்தில் தங்கியபோது வெக்கை நோயை அங்கே விட்டுச் சென்றன. அதன் விளைவாகப் பல நாடுகள் கூடி 1924இல் அதனை நிறுவின. பதுளைக்கு இரயில் வந்ததும் அதே ஆண்டிலேயே. இரயிலும் கப்பலும் நாடுகளை நெருங்கச் செய்தபோது நோய்களும் நெருங்கி வந்தன.

இந்தியாவில் இந்நோய் 1987இல் வட மாநிலங்களில் பெருமளவில் தோன்றி ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பற்றியது. ஹரியானாவின் ஹிசார் நகரில் அதற்குச் சற்று முன்னரே குதிரை ஆராய்ச்சிக்கென ஒரு தேசிய நிலையம் ஏற்பட்டிருந்தது. லூதியானாவில் அவ்வாண்டு கிடைத்த வைரஸைக் கொண்டு அந்நிலையத்தார் நாட்டுக்குரிய ஊசியைத் தயாரித்தனர். பின்னர் இருபது ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன. இருமல் கேட்காத காலத்தில் ஊசிக்குச் செலவிட யாருக்கும் மனம் வருவதில்லை.

2008 ஜூன் மாதத்தில் காச்மீரத்தின் தெற்கே கத்ரா என்னும் ஊரில் அவ்வமைதி கலைந்தது. வைஷ்ணவி தேவியின் குகைக்கோயிலுக்குச் செல்லும் யாத்திரிகர் அங்கிருந்தே மலையேறுவர். நடக்க இயலாதவரையும் அவர்தம் மூட்டைகளையும் சுமப்பவை மட்டக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும். பல ஊர்களிலிருந்து வந்து ஒரே பாதையில் நெருங்கி நடந்து, ஒரே தொட்டியில் நீர் குடிக்கும் விலங்குகள் அவை. அங்கே தோன்றிய நோய் மறு ஆண்டுக்குள் பல மாநிலங்களுக்குப் பரவியது. தெற்கே மைசூரிலும் அவ்வாண்டே வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. கத்ராவின் வைரஸ் லூதியானாவின் வைரஸிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டதை ஹிசார் நிலையத்தார் கண்டனர். கத்ராவின் இனத்தைக் கொண்டே ஊசியைப் புதுப்பித்தனர்.

கதை அத்துடன் முடியவில்லை. 2025ஆம் ஆண்டின் வசந்தத்தில் இமயத்தின் கேதார்நாத் யாத்திரை தொடங்கவிருந்தபோது, ருத்ரபிரயாக் மாவட்டத்துக் குதிரைகளிடையே இதே காய்ச்சல் காணப்பட்டது. பரிசோதனை நடத்தினர். யாத்திரைப் பாதையில் சிறிது காலம் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செல்லாமல் நிறுத்தினர். ஆண்டின் சில மாதங்களே பிழைப்பு உள்ள மலைக் குடும்பங்களுக்கு அந்த ஒவ்வொரு நாளும் எத்துணை நீண்டது என்பதை, பேர் போடாத நாளின் கணக்கை அறிந்த தோட்டத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஊசி மட்டும் போதுமா என்று கேட்டால் ஆஸ்திரேலியாவின் அனுபவம் விடை சொல்லும். 2007 ஆகஸ்டு வரை அந்நாடு இந்நோயை அறியாதது. அம்மாதத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த பந்தய வம்சக் குதிரைகளைச் சிட்னி நகரையடுத்த தொற்றுக்காப்பு நிலையத்தில் வைத்திருந்தனர். அவை ஊசி போடப்பட்ட குதிரைகளே. ஊசி போட்ட குதிரை நோயைச் சிறிதளவே காட்டி, வைரஸைச் சுமந்து வரக்கூடும். அங்கிருந்து நோய் வெளியேறிற்று. ஏறத்தாழ பத்தாயிரம் பண்ணைகளுக்கும் எழுபதாயிரம் குதிரைகளுக்கும் பரவிற்று. குதிரைகள் இடம் பெயர்வதை அரசு தடுத்தது. நோயிருந்த பகுதிகளைச் சுற்றி ஊசியால் வேலியிட்டது. நோயால் எழுந்த எதிர்ப்பையும் ஊசியால் எழுந்த எதிர்ப்பையும் இரத்தத்தில் பிரித்தறியத்தக்க புதுவகை ஊசி அது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியோடு நோய் நின்றது. வந்த நோயை நாட்டைவிட்டே துரத்திய அரிய நிகழ்ச்சி இது.

நோய் வெளியேறியது எப்படி என்று விசாரித்தவர் முன்னாள் நீதிபதி இயன் கலினன். 2008இல் வெளிவந்த அவரது அறிக்கை, நிலையத்துக்குள் சென்று குதிரையைத் தொட்டவர்கள் குளிக்காமலும் உடை மாற்றாமலும் வெளியே வந்ததை எடுத்துக்காட்டியது. மனிதர் மேலோ கருவிகள் மேலோ ஒட்டிக்கொண்டு வைரஸ் வெளியே சென்றிருக்க வேண்டும் என்பது அவர் முடிபு. கோடிக்கணக்கான பணத்தைக் காத்திருக்கக்கூடியது ஒரு வாளித் தண்ணீரும், ஒரு சவர்க்காரமும், ஒரு மாற்று உடையுமே.

இப்போது நான் குதிரைக்காரனிடம் திரும்புகிறேன். குதிரையின் முதல் இருமலைக் கேட்பவன் அவன். ஒரு லாயத்திலிருந்து மறு லாயத்துக்குச் செல்லும் கையும் உடையும் அவனுடையவை. அவனிடம் 'ஏன் கை கழுவ வேண்டும், ஏன் உடனே சொல்ல வேண்டும்' என்பதை விளக்கிச் சொல்லாத ஒரு நாட்டில் எவ்வளவு உயர்ந்த ஊசியும் பாதி வேலையே செய்யும். சொன்னால் குதிரையைக் கட்டிப்போடுவார்கள், கூலி போய்விடும் என்று அவன் அஞ்சினால் அவன் சொல்லமாட்டான். அவ்வச்சம் நீங்க, ஓய்வு நாட்களில் அவன் குடும்பம் பிழைக்க வழி செய்வதும் நோய்த்தடுப்பின் ஒரு பகுதியே.

நம்முடைய முன்னோர்க்கு இது புதிய பாடம் அன்று. தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களை மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி, அம்மைப்பால் குத்தி, நோயில்லை என்று கண்ட பின்னரே கப்பலேற்றினர். ஊசியும் தனிமைப்படுத்தலும் சேர்ந்து செய்யும் வேலையை அவர்கள் தம் உடம்பிலேயே அறிந்தனர். ஆனால் ஏன் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் மிகச் சிலர். காவல் மட்டும் இருந்து விளக்கம் இல்லாவிட்டால் மக்கள் அதனைத் தண்டனையாகவே நினைப்பர்.

ஊவாவின் துரைமார் குதிரைகள் மறைந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும் நுவரெலியாவில் சித்திரை மாதத்தில் பந்தயக் குதிரைகள் ஓடுகின்றன. அதே ஊரின் ஏரிக்கரையில் மட்டக் குதிரைகள் உல்லாசப் பயணிகளின் குழந்தைகளைச் சுமக்கின்றன. பந்தயக் குதிரைக்கு உடையவரும் வைத்தியரும் உண்டு. ஏரிக்கரைக் குதிரைக்குக் கடிவாளம் பிடிப்பவன் மட்டும் உண்டு. ஒன்றின் இருமல் மற்றொன்றை எட்டும் தூரத்தில்தான் இரண்டும் வாழ்கின்றன. வைரஸ் விலையைப் பார்த்துக் குதிரையைத் தேர்ந்தெடுப்பதில்லை. முன்னதற்கு ஊசியிட்டுப் பின்னதை மறப்பது, வீட்டின் முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைப்பதை ஒக்கும்.

குதிரை நமக்கு எவ்வகையில் வேண்டியது என்று எவரேனும் கேட்கலாம். தேயிலை மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணை விரியன் தீண்டினால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஏற்றும் நச்சுமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. இந்தியாவில் எங்கோ ஒரு லாயத்தில் நலமாக நிற்கும் குதிரை, இங்கே ஒரு லயத்தில் ஒரு தாயை அவள் பிள்ளைகளுக்குத் திருப்பித் தருகிறது. அக்குதிரைக்கு ஓர் ஊசியும், அதன் பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு நல்ல சொல்லும் நாம் கடன்பட்டவையே.